ரங்கூன் போன செட்டியாரும் காரைக்குடி வந்த வடநாட்டுத் தொழிலாளியும்: அந்நியர் மேல் நம்பிக்கை எப்படி உருவாகிறது?

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டில் களவு போனால், போலீஸ் வந்து கைரேகை எடுப்பதற்கு முன்பே தெருவில் பதில் தயாராகிவிடுகிறது: "இந்திக்காரப் பசங்க வேலைதான்." கொஞ்ச நேரத்தில் அது குரல்பதிவாகி தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சுற்ற ஆரம்பிக்கிறது. இதே விஷயம் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின, ஹோலிக்கு ஊருக்குப் புறப்பட்டவர்களின் கூட்டம்கூட 'பயந்து ஓடுகிறவர்கள்' என்று காட்டப்பட்டது, பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பியது, தமிழ்நாடு காவல்துறை தலைவர் மறுத்துப் பேச வேண்டிவந்தது. ஊருக்கு அவர்களைக் கண்டு பயம், அவர்களுக்கு ஊரைக் கண்டு பயம். இந்த இரண்டும் எங்கிருந்து வருகின்றன, எப்படிக் குறைகின்றன என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம். செட்டிநாட்டை வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்நியராகப் போய் வாழ்ந்த அனுபவமும், அந்நியரைப் பார்த்துத் தயங்குகிற அனுபவமும் இந்த ஒரே மண்ணில் இருக்கின்றன.

பயத்துக்கு அடிப்படை என்ன?

புது ஆளைப் பார்த்து ஊர் தயங்குவது இயல்பு. தெரிந்தவர் என்றால் நம் கையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன:

1. அவர் யார், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும்.
2. ஏதாவது ஆகிவிட்டால் எங்கே போய்க் கேட்பது என்று தெரியும்.
3. அவருக்காகப் பேச நமக்குத் தெரிந்த இன்னொருவர் இருப்பார்.

வெளியிலிருந்து வந்தவரிடம் இந்த மூன்றும் இல்லை. பெயர் தெரியாத இடத்தில் கூட்டத்தின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'ராஞ்சி பக்கத்துக்காரர், சென்ட்ரிங் வேலை, ரெண்டு பிள்ளை' என்று தெரிந்திருக்க வேண்டிய ஒருவர் வெறும் 'வடக்கன்' ஆகிவிடுகிறார். அப்புறம் அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர் எங்கோ செய்த எல்லாமே இவர் கணக்கில் ஏறுகிறது.

செட்டிநாட்டில் இந்தப் பயத்துக்குத் தனிக் காரணமும் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் நியாயமாக இருக்காது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்டு கிடக்கிற வீடுகள். பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள், கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும்தான் எல்லாரும் வந்து சேர்கிறார்கள். மற்ற நாளில் ஒரு வயதான ஆச்சியோ ஒரு காவல்காரரோதான் இருப்பார். தேக்குத் தூண், பித்தளைச் சாமான், பழைய மரவேலை எல்லாவற்றுக்கும் வெளியே விலை இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் தனியாகப் படுத்திருக்கிற ஒருவரிடம் போய் "பயப்படாதீங்க" என்று உபதேசம் செய்வதில் பயனில்லை, அவருடைய பயத்துக்கு எது பதில் என்று பார்க்க வேண்டும்.

ஆனால் பயம் வதந்தியோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2018 காட்டியது. அந்த வருடம் மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்தபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வம் கும்பிட வந்த சென்னைக் குடும்பம் ஒன்று தாக்கப்பட்டது. குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக 65 வயதுப் பெண் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். தமிழ் பேசுகிறவர், தன் குலதெய்வத்தைத் தேடி வந்தவர். ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த 5 பேர் இதே வதந்தியில் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் வந்த செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. மொழியும் மாநிலமும் யாரையும் காப்பாற்றாது என்பதைக் கவனியுங்கள். வதந்தி சூடேறிவிட்டால் பக்கத்து மாவட்டத்துக்காரரே அந்நியர்தான்.

நம்பிக்கை ஒரு ஏற்பாடு

நம்பிக்கையை மனசு சம்பந்தப்பட்ட ஒன்றாக மட்டும் பார்ப்பதால்தான் நாம் தடுமாறுகிறோம். அதற்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டுக்கு வியாபாரம் செய்யப் போன காலத்து முறைகளைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டிப் போய், வட்டிக்குப் பணம் கொடுக்கிற கடை நடத்த, முதலாளி பெரும்பாலும் தானே போகவில்லை. ஏஜெண்டை அனுப்பினார். அவருக்கு சம்பளச் சீட்டு எழுதப்பட்டது, பொதுவாக மூன்று வருடத் தவணை. அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. கணக்கும் ஐந்தொகையும் (வரவு, செலவு, இருப்பு எல்லாம் காட்டும் அறிக்கை) ஊருக்கு வந்தாக வேண்டும். தவணை முடிந்தால் அடுத்தவரிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பர்மாவின் அன்றைய தலைநகர் ரங்கூனில், மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள், அதையொட்டி ஒரு கடை இன்னொரு கடைக்குப் பணம் கொடுத்து வாங்கியது. ஏஜெண்டு கையாடினால் அது அவருடைய கோயிலுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், நாளைக்கு அவர் பிள்ளைக்குப் பெண் கேட்கப் போகிற வீட்டுக்கும் தெரியும்.

மேலே சொன்ன மூன்றும் இங்கே முழுசாக இருப்பதைப் பார்க்கலாம்: ஆள் யார் என்று தெரியும், எங்கே கேட்பது என்று தெரியும், அவருக்காகப் பேச ஆள் உண்டு. கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு இளைஞனிடம் பெரும் பணத்தை விட்டுவைக்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

அப்படியானால் ரங்கூனில் ஏன் உடைந்தது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தங்களுக்குள் இவ்வளவு உறுதியான நம்பிக்கையைக் கட்டியவர்கள், சுற்றி இருந்த பர்மிய மக்களோடு அதைக் கட்டவில்லை.

1930 வாக்கில் பர்மாவில் 1,600-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. கீழ்ப் பர்மாவில் காட்டைத் திருத்தி நெல் விளைவித்த குடியானவருக்கு வெள்ளைக்கார வங்கி கடன் கொடுக்கவில்லை, செட்டியார் கடை கொடுத்தது. ஈடாக நிலப் பத்திரம். செட்டியார்களுக்கு நிலத்தில் ஆசை குறைவு, அவர்கள் தொழில் பணம், அந்தப் பணம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் சுமார் 6 சதவீதம்தான் செட்டியார்கள் கையில் இருந்தது. அப்புறம் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் ஒவ்வொன்றாகக் கைமாறியது. 1938 வாக்கில் அந்தப் பங்கு சுமார் 25 சதவீதம். எட்டே வருடத்தில் கால்வாசி நிலம், அதுவும் அங்கே வாழாதவர்கள் கையில்.

இதை ஒரு பர்மியக் குடியானவர் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

1. கடைக்குப் போனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை முகம் மாறுகிறது. பழகிய ஏஜெண்டு ஊருக்குப் போய்விட்டார், புது ஆளுக்கு இவரைத் தெரியாது.
2. ஏஜெண்டு பெரும்பாலும் குடும்பத்தைக் கூட்டி வருவதில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்வதில்லை, வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொள்வதில்லை. சொந்த ஆட்கள், சொந்தச் சமையல், சொந்தக் கோயில்.
3. குடியானவரின் பத்திரம் கடைப் பெட்டியில் இருக்கிறது. கடையின் எதுவும் குடியானவர் கையில் இல்லை.
4. வட்டியைத் தீர்மானிக்கிற கூட்டத்தில் அவருக்கோ அவர் தலைவருக்கோ இடம் கிடையாது.

கணக்கு நேர்மையாக இருந்திருக்கலாம். பல கடைகளில் இருந்தது. ஆனாலும் விலை சரிந்த அன்று "இந்தச் செட்டியார் நல்லவர், நான் சொல்கிறேன்" என்று எழுந்து நிற்க ஊரில் ஒரு பர்மியக் குரல் இருக்கவில்லை. அதற்கான உறவை யாரும் அதுவரை வளர்க்கவில்லை. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே புறப்பட்டார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு வங்கிகளும் கடைகளும் அரசுக்குப் போயின, மிச்சம் இருந்தவர்களும் கப்பலேறினார்கள். காரைக்குடியில் பர்மா காலனி என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

இதில் வலிக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். பயமும் கோபமும் ஆளைப் பார்த்து விழுவதில்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் வேலைப் போட்டியில் வெடித்த கலவரத்தில் வெட்டுப்பட்டவர்கள் மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலிகள். அவர்களிடம் ஒரு ஏக்கர் நிலம்கூட இல்லை.

இப்போது காரைக்குடிப் பக்கம் திரும்புவோம். கட்டட வேலை, ஹோட்டல், செங்கல் சூளை, அரிசி ஆலை என்று வந்திருக்கிற வடமாநிலத் தொழிலாளியின் வாழ்க்கையைப் பாருங்கள். மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ கூட்டி வருகிறார், சில மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறார். குடும்பம் கூட இல்லை. ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. தானே சமையல், தன் மொழிக்காரர்களோடு மட்டும் பேச்சு. முகம் மாறுவது, குடும்பம் இல்லாமல் இருப்பது, தனியே தங்குவது என்று ரங்கூனில் செட்டியார் கடையை அந்நியமாக்கிய அதே விஷயங்கள் இவரையும் அந்நியமாக்குகின்றன. ஒரு பெரிய வித்தியாசம், செட்டியார் கையில் மூலதனம் இருந்தது, இவர் கையில் ஒன்றும் இல்லை. ரங்கூனில் ஈடு அந்நியர் பெட்டிக்குள் இருந்தது, இங்கே அந்நியரின் ஈடு ஊர்க்காரர் பெட்டிக்குள் இருக்கிறது: பாக்கிச் சம்பளம், சில இடங்களில் வாங்கி வைத்துக்கொண்ட ஆதார் அட்டை.

அரசே பயத்துக்கு முத்திரை குத்தினால்

பயத்தைச் சட்டம் ஆக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிட்ட, 1871-இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர்க் காவலையே தொழிலாக வைத்திருந்த குடிகளும் அதில் மாட்டினார்கள். நேற்று வரை ஊரின் மாட்டையும் நெல்லையும் காவல் காத்தவர், இன்று கைரேகை கொடுத்துவிட்டு ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். ரேகைச் சட்டம் என்றுதான் மக்கள் அதைச் சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3-இல் உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுக்க 1952-இலும் சட்டம் போனது. ஆனால் 2024 அக்டோபரில் சிறைகளில் நடக்கும் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதுகூட, சீர்மரபினரை, அதாவது அந்தப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட சமூகத்தினரைப் 'பரம்பரைக் குற்றவாளி' போல நடத்தும் பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து தெரிவது இதுதான்: ஒருவர் என்ன செய்தார் என்று பதிவு செய்வது ஒன்று, ஒருவர் எந்தக் கூட்டத்தில் பிறந்தார் என்று பதிவு செய்வது வேறு. முதலாவது நம்பிக்கைக்கு உதவும். இரண்டாவது, ஒழுங்காக நடந்துகொள்வதால் எந்தப் பயனும் இல்லை என்று அவருக்குச் சொல்லிவிடுகிறது.

பழகினால் போதுமா?

பழகப் பழகப் பயம் போய்விடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இதற்கு நான்கு நிபந்தனைகள் சொன்னார்: அந்தச் சந்திப்பில் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், ஒரே நோக்கம் இருக்க வேண்டும், அதற்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு இருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டி நடத்தி ஒரு ஆய்வு செய்தார்கள், 2021-இல் வெளியானது. ஒரே அணியில் ஆடியவர்களுக்கு மற்ற சாதியில் நண்பர்கள் கூடினார்கள். எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களுக்கு அப்படி நடக்கவில்லை, குறையத்தான் செய்தது.

நம் ஊர் நிலவரத்தை இதில் பொருத்திப் பார்த்தால், கட்டட வேலையில் நோக்கம் ஒன்றுதான், சேர்ந்த வேலைதான், ஆனால் சமம் கிடையாது. பேருந்து நிறுத்தத்தில் தினமும் பார்க்கிறோம், அதில் சேர்ந்த வேலை கிடையாது. தினமும் கண்ணில் படுகிறார்கள் என்பதால் மட்டும் எதுவும் மாறாது. ரேஷன் கடை வரிசையும் பள்ளிக்கூடமும்தான் இந்த நிபந்தனைகளுக்குக் கிட்டே வருகின்றன. 2020 அக்டோபரில் தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்த பிறகு, வெளிமாநில அட்டைதாரர் இங்கேயே கைரேகை வைத்து அரிசி வாங்க முடிகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு உண்டு. ஒரு ஜார்க்கண்ட் குழந்தையும் நம் ஊர்க் குழந்தையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடுகிற இடத்தில் மேல் கீழ் இல்லை.

நடைமுறையில் என்ன வேலை செய்கிறது?

மளிகைக் கடைக்காரரிடம் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் எந்தப் புது ஆளையும் ஊரில் முதலில் நம்புகிறவர் பெரும்பாலும் அவர்தான். முதல் வாரம் ரொக்கம். அப்புறம் 100 ரூபாய்க்குப் பற்று. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் தீர்த்தால், அடுத்த வாரம் 300. நோட்டில் ஒரு பெயர் ஏறுகிறது, பக்கத்தில் ஃபோன் நம்பர், ஊர்ப் பெயர். அவர் பெரிய மனசு காட்டுவதாக நினைத்து இதைச் செய்யவில்லை, தோற்றால் தாங்கக்கூடிய தொகையை மட்டும் வைத்துப் பார்க்கிறார், அது திரும்பி வந்தால் கொஞ்சம் கூட்டுகிறார். ஏஜெண்டு முறையில் இருந்த அதே கணக்குத்தான், சின்ன அளவில். ஒரு நாள் போலீஸ் விசாரிக்க வந்தால் "இவன் நம்ம கடைக்கு வர்ற பையன், ஞாயித்துக்கிழமை கூட வந்தான்" என்று சொல்ல ஊர்க் குரல் ஒன்று கிடைத்துவிடுகிறது. ரங்கூனில் இல்லாமல் போனது இதுதான்.

மற்றவை:

1. விவரம் இரண்டு பக்கமும் போக வேண்டும். வேலைக்கு வைப்பவர் ஆதார் நகல் வாங்கட்டும், அசலைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும். தன் பெயர், முகவரி, ஃபோன் நம்பரைத் தொழிலாளிக்கும் கொடுக்கட்டும். மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்காக 1979-இல் வந்த சட்டமே, படம் ஒட்டிய ஒரு பாஸ்புக்கில் வேலை செய்யும் இடம், கூலி, பிடித்தம் எல்லாம் எழுதித் தொழிலாளி கையில் கொடுக்கச் சொன்னது. காவல் நிலையத்தில் பதிவு செய்வது மட்டும் நடந்து, இது நடக்காமல் போனால் அது ஒருபக்கக் கண்காணிப்பாகிவிடும்.

2. சம்பளம் வாராவாரம், அவர் கைக்கே. பாக்கி வைத்தால் ஓடமாட்டான் என்று சிலர் நினைக்கிறார்கள். பாக்கி வைத்தால்தான் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புவதற்குக் காரணம் கிடைக்கிறது, போகும்போது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகவும்.

3. மொழிபெயர்ப்பவர் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது. எல்லாம் மேஸ்திரி வழியாகவே நடந்தால், இரண்டு பக்கமும் கேட்பது அவர் சொல்வதைத்தான். தமிழ் கொஞ்சம் பிடிபட்ட இன்னொரு தொழிலாளி, இந்தி தெரிந்த ஒரு உள்ளூர்ப் பையன், யாராவது இருக்க வேண்டும்.

4. குடும்பம் வர வழி. ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தால் மனைவி, பிள்ளை வருவார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்தால் அந்தக் குடும்பம் வருடக் கணக்கில் தங்கும். "வடநாட்டுக்காரங்களுக்கு வீடு இல்லை" என்று சொல்லிவிட்டு, "தனியா திரியிற பசங்களைப் பார்த்தா பயமா இருக்கு" என்றும் சொன்னால் இரண்டும் சேராது.

இதில் யார் முதலில் இறங்க வேண்டும்? என் கருத்தில், பலம் உள்ள பக்கம். வீட்டுக்காரர் ஏமாந்தால் ஒரு முன்பணமோ ஒரு மாத வாடகையோ போகும், புகார் கொடுக்க மொழியும் தெரிந்த ஆளும் உண்டு. தொழிலாளி ஏமாந்தால் மொத்தச் சம்பளமும் போகும், காவல் நிலையத்துக்குள் போகவே தயங்குவார். குறைவாக இழப்பவர் முதலில் நம்பிப் பார்ப்பதுதான் சாத்தியம். 'அவங்க முதல்ல நல்லவங்கன்னு காட்டட்டும்' என்று காத்திருந்தால், காட்டுவதற்கான சந்தர்ப்பத்தையே நாம் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

உண்மையிலேயே ஒருவர் திருடிவிட்டால்?

திருடலாம். வெளியூர்க்காரர்களிலும் திருடர் உண்டு, உள்ளூர்க்காரர்களிலும் உண்டு. அந்த வாரத்தில் ஊர் என்ன செய்கிறது என்பதுதான் கட்டிய நம்பிக்கைக்குப் பரீட்சை. புகார் ஒரு ஆளின் பெயரில் போக வேண்டும், அவரைக் கூட்டி வந்த ஒப்பந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும். அதே கொட்டகையில் இருக்கிற மற்ற பத்துப் பேரின் சம்பளத்தை நிறுத்துவதும், அறையைக் காலி செய்யச் சொல்வதும் நடக்கக் கூடாது. அவர்களில் ஒருவருக்குத்தான் உண்மை தெரிந்திருக்கும், பயந்து போனால் அவர் வாயைத் திறக்கமாட்டார். அன்றைக்குக் கைக்கு வருகிற குரல்பதிவில் எந்தக் காவல் நிலையம், எந்தத் தேதி, வழக்கு எண் என்ன என்று இல்லாவிட்டால், அதை அனுப்பியவரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை அது உங்கள் ஃபோனிலேயே இருக்கட்டும்.